பைப் ஷெல்ஃப்: வீட்டிலேயே செய்யப் போகிறவர்களுக்கு வரும் கேள்விகள்

தண்ணீர், கேஸ் லைனுக்குப் போடும் இரும்பு பைப்பையும் அதற்கான எல்போ (வளைவு), டீ (மூன்று வாய் இணைப்பு), பிளாஞ்சு (சுவரோடு ஒட்டித் திருகும் தட்டு) சாமான்களையும் சுவரில் திருகி, மேலே பலகை வைத்தால் ஷெல்ஃப். விஷயம் அவ்வளவுதான். வெல்டிங் தெரிய வேண்டாம், தச்சு வேலையும் பெரிதாகத் தெரிய வேண்டாம் என்பதால் நிறையப் பேர் செய்து பார்க்க ஆசைப்படுகிறார்கள். நான் இதுவரை நாலைந்து செய்திருக்கிறேன். முதலாவது ஒரு நடுராத்திரியில் சுவரை விட்டுக் கழன்று விழுந்தது, அந்தக் கதை கீழே வருகிறது. மற்றபடி இவை எல்லாம் என்னிடம் பலர் கேட்டவை, சில நானே எனக்குள் கேட்டுத் தவறான பதில் சொல்லிக்கொண்டவை.

அரை இஞ்ச் பைப் புத்தக வெயிட்டைத் தாங்குமா?

தாங்கும். எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான், ஆனால் கவலைப்பட வேண்டியவற்றின் வரிசையில் இதற்குக் கடைசி இடம். சுவரிலிருந்து 25 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கும் அரை இஞ்ச் இரும்பு பைப் வளைய வேண்டுமானால் பெரிய ஆள் ஒருவர் அதன் நுனியில் தொங்க வேண்டியிருக்கும். அதற்குள் சுவரில் இருக்கும் ஸ்க்ரூ பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். ஆக, எவ்வளவு தாங்கும் என்பதைச் சுவரிடம்தான் கேட்க வேண்டும், பைப்பிடம் இல்லை.

கணக்குப் பிடிக்காதவர்கள் அடுத்த சில வரிகளைத் தாண்டிப் போக நினைப்பீர்கள், தாண்டாதீர்கள். 25 செ.மீ. அகலப் பலகை, அதில் ஒரு கைக்கு, அதாவது சுவரிலிருந்து நீட்டிப் பலகையைத் தாங்கும் ஒரு பைப்புக்கு, 15 கிலோ பாரம் வருகிறது என்று வைப்போம். பாரத்தின் மையம் சுவரிலிருந்து சுமார் 12.5 செ.மீ. தள்ளி இருக்கிறது. ஒரே ஒரு பிளாஞ்சில் கை நிற்கிறது என்றால், பிளாஞ்சின் கீழ் விளிம்பு சுவரை அழுத்தும், மேல் ஸ்க்ரூக்கள் சுவரிலிருந்து வெளியே இழுபடும். கீழ் விளிம்புக்கும் மேல் ஸ்க்ரூவுக்கும் நடுவில் இருப்பது ஆறு, ஏழு செ.மீ. மட்டும். 15-ஐ 12.5-ஆல் பெருக்கி 6.5-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 29 கிலோ. வைத்தது 15, சுவரை இழுப்பது 29. அதையே மேலும் கீழும் 30 செ.மீ. இடைவெளியில் இரண்டு பிளாஞ்சு வைத்துச் செய்தால், இழுவை 6 கிலோ சொச்சத்துக்கு இறங்கிவிடுகிறது. அதே பைப், அதே பலகை, அதே புத்தகம். வடிவம் மட்டும்தான் வேறு.

அப்படியானால் எந்த வடிவத்தில் செய்வது?

மூன்று வடிவங்கள் பழக்கத்தில் இருக்கின்றன.

முதலாவது ஒற்றைக் கை. ஒரு பிளாஞ்சு, ஒரு துண்டு பைப், நுனியில் எண்ட் கேப் என்ற மூடி. செய்ய அரை மணி நேரம் போதும், படம் பிடித்தால் அழகாக இருக்கும், மேலே சொன்ன கணக்குப்படி சுவரை மிக மோசமாக இழுப்பதும் இதுதான். செடித்தொட்டி, போட்டோ, அலங்காரச் சாமான் வைக்க மட்டும் சரி.

இரண்டாவது ப வடிவம். பிளாஞ்சு, பைப், எல்போ, நிமிர்ந்த பைப், எல்போ, பைப், பிளாஞ்சு என்று போய் மறுபடி சுவருக்கே திரும்பி வரும். ப எழுத்தைப் பக்கவாட்டில் சாய்த்துச் சுவரில் ஒட்டியதுபோல இருக்கும். கீழ்க் கையில் ஒரு பலகை, மேல் கையில் ஒரு பலகை. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

மூன்றாவது ஏணி. நிமிர்ந்த நீள பைப், நடுநடுவே டீ, ஒவ்வொரு டீயிலிருந்தும் முன்பக்கம் ஒரு கை, மேலும் கீழும் சுவரோடு பிளாஞ்சு. ஒன்றரை மீட்டர் உயர ஏணியில் நாலு தட்டு வைத்து ஒவ்வொன்றிலும் 15 கிலோ ஏற்றினாலும் மேல் பிளாஞ்சின் இழுவை 5 கிலோ அளவில்தான் இருக்கும், ஏனென்றால் இரண்டு பிளாஞ்சுக்கும் நடுவே அவ்வளவு தூரம். ஆனால் மொத்தம் 60 கிலோவும் கீழ்நோக்கித் தொங்குகிறது என்பதை மறக்கக் கூடாது. அதனால் ஏணியின் காலைத் தரையில் ஊன்றிவிடுவது நல்லது. பாரம் தரைக்குப் போய்விடும், சுவர் சாயாமல் பிடித்துக்கொண்டால் போதும்.

என் சுவர் எப்படிப்பட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஷெல்ஃப் மறைக்கப் போகிற இடத்தில் ஒரு சின்னத் துளை போட்டுப் பாருங்கள், வெளியே வரும் தூள் சொல்லிவிடும். முதலில் வெள்ளையோ சாம்பலோ வந்து அப்புறம் சிவப்பாக மாறினால் பூச்சுக்குப் பின்னால் செங்கல். விடாமல் சாம்பல் தூள் வந்து, டிரில் கத்திக்கொண்டே மெதுவாக இறங்கினால் கான்கிரீட். கொஞ்ச தூரம் போய்த் திடீரென்று உள்ளே விழுந்தால் உள்கூடு உள்ள பிளாக். வெண்ணெயில் போவதுபோல வெள்ளைத் தூளோடு சுலபமாக இறங்கினால் ஏ.ஏ.சி. பிளாக், அதாவது காற்றுக் குமிழி நிறைந்த லேசான கான்கிரீட் கல். விரலால் தட்டினால் டொக் டொக் என்று பொள்ளலாகக் கேட்டு, ஒன்றரை செ.மீ.க்குள் துளை மறுபக்கம் போய்விட்டால் ஜிப்சம் பலகை.

கான்கிரீட், கெட்டிச் செங்கல் இரண்டுக்கும் நல்ல ராவல் பிளக்கோ (துளைக்குள் செருகி ஸ்க்ரூ முடுக்கும் உறை) ஆங்கர் போல்ட்டோ போதும். செங்கல்லில் போடும்போது இரண்டு கல்லுக்கு நடுவே உள்ள சாந்தில் துளை விழாமல் கல்லின் நடுவில் விழும்படி பாருங்கள். உள்கூடு பிளாக்கில் விரிந்து பிடிக்கிற ஆங்கர் போல்ட் போட்டால் கல்லே வெடித்துவிடும், அதற்கு வலைக்குழாயோடு வரும், பசை இறுகிப் பிடிக்கிற கெமிக்கல் ஆங்கர்தான் சரி. ஏ.ஏ.சி.க்கு அதற்கென்றே செய்த பிளக் இருக்கிறது, சாதாரண பிளக் அதில் கையால் இழுத்தாலே வந்துவிடும்.

ஜிப்சம் சுவரில் பலகையை நம்பாதீர்கள், உள்ளே நிற்கும் சட்டத்தைத் தேடுங்கள். பெரும்பாலும் 40 அல்லது 60 செ.மீ. இடைவெளியில் நிற்கும். ஒரு காந்தத்தைச் சுவரில் மெதுவாக நகர்த்தினால் சட்டத்தில் அடித்த ஸ்க்ரூ இருக்கும் இடத்தில் ஒட்டும். சட்டம் மரமென்றால் நேராக மர ஸ்க்ரூ போதும். மெல்லிய தகரச் சட்டமாக இருந்தால் புத்தக ஷெல்ஃப் ஆசையை விடுங்கள், அல்லது பின்னால் கெட்டியான ஒரு மரப்பலகையைப் பல சட்டங்களில் சேர்த்து முடுக்கிவிட்டு அதன்மேல் பிளாஞ்சை வையுங்கள்.

முதல் ஷெல்ஃப் விழுந்தது என்றீர்களே, என்ன ஆயிற்று?

பூச்சுதான் ஏமாற்றியது. அந்தச் சுவரில் பூச்சு இரண்டு செ.மீ. தடிமன். நான் போட்டதோ 3 செ.மீ. நீள பிளக். அதில் முக்கால்வாசி பூச்சுக்குள்ளேயே நின்றுவிட்டது, செங்கல்லுக்குள் போனது ஒரு செ.மீ. மட்டும். முடுக்கும்போது கெட்டியாகத்தான் இருந்தது. இரண்டு மாதம் கழித்து, ஒருவரும் தொடாத நேரத்தில், பூச்சு ஒரு தட்டு அளவுக்குப் பெயர்ந்து மொத்தமும் கீழே வந்தது. பைப்பில் ஒரு கீறல்கூட இல்லை.

அதிலிருந்து பிளக்கின் முழு நீளமும் கல்லுக்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். பூச்சு 2 செ.மீ., பிளக் 5 செ.மீ. என்றால் துளை 8 செ.மீ., அந்த மிச்ச ஒரு செ.மீ. தூள் தங்குவதற்கு. ஸ்க்ரூ பிளாஞ்சையும் பூச்சையும் தாண்டி பிளக்கின் அடி வரை போகிற நீளத்தில் வேண்டும். டிரில் பிட்டில் அந்த ஆழத்துக்கு ஒரு துண்டு டேப் சுற்றிக்கொண்டால் அளவு தவறாது. துளை போட்டதும் தூளை ஊதி எடுங்கள், தூளோடு பிளக்கைத் திணித்தால் பிடிமானம் பாதியாகிவிடும். ஊதும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், சொல்லிவிட்டேன்.

எங்கெல்லாம் துளை போடக் கூடாது?

சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே, நேர் கீழே, நேர் பக்கவாட்டில். ஒயர் பெரும்பாலும் அந்தக் கோடுகளில்தான் போகும். குழாய்க்கும் அதே விதி. குளியலறைக்குப் பின்பக்கச் சுவர் என்றால் இரட்டிப்புக் கவனம். சந்தேகம் இருந்தால் மெயினை அணைத்துவிட்டு, பேட்டரியில் ஓடும் டிரில்லில் போடுங்கள்.

அரை இஞ்சா, முக்கால் இஞ்சா? அளந்து பார்த்தால் இரண்டுமே அந்த அளவில் இல்லையே?

இருக்காது. அரை இஞ்ச் பைப்பின் வெளிவிட்டம் 21.3 மி.மீ., முக்கால் இஞ்ச் கிட்டத்தட்ட 27, ஒரு இஞ்ச் 33 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே. அந்தக் காலத்தில் பைப்பின் உள்விட்டத்தை வைத்துப் பெயர் சொன்னார்கள். பிறகு இரும்பின் தரம் கூடித் தடிமன் குறைந்தபோது, மரை பழைய பிட்டிங்கோடு (எல்போ, டீ மாதிரி இணைப்புச் சாமான்) சேர வேண்டுமே என்று வெளிவிட்டத்தை அப்படியே விட்டுவிட்டு உள்பக்கத்தை மட்டும் மாற்றினார்கள். பெயர் நின்றுவிட்டது, அளவு போய்விட்டது.

பார்வைக்கு எது பிடிக்கிறதோ அதை எடுங்கள். அகலம் குறைந்த தட்டுக்கு அரை இஞ்ச் லட்சணமாக இருக்கும். உயரமான ஏணிக்கு முக்கால் இஞ்ச், ஆடாமல் நிற்கும். ஒரு இஞ்ச் வீட்டு ஷெல்ஃபுக்கு முரட்டுத்தனமாகத் தெரியும், வெயிட்டும் மீட்டருக்கு இரண்டரை கிலோ. கனமான அரை இஞ்ச் பைப் மீட்டருக்கு 1.3 கிலோ அளவில்தான் வரும். பைப்பின் வெயிட்டையும் சுவர்தானே சுமக்கிறது.

ஒரே ஒரு எச்சரிக்கை. குழாய் மரையில் உலகத்தில் இரண்டு சாதி உண்டு. ஒன்று பி.எஸ்.பி., 1841-இல் ஜோசப் விட்வொர்த் முன்வைத்த 55 பாகை மரை வடிவத்திலிருந்து வந்தது. இன்னொன்று அமெரிக்க என்.பி.டி., அது 60 பாகை. அரை, முக்கால் இஞ்ச் இரண்டிலும் இரண்டு சாதிக்கும் இஞ்சுக்கு 14 மரைதான், அதனால் ஒன்றில் ஒன்று சில சுற்று ஏறி நம்மை நம்பவைக்கும், பிறகு அரைகுறையாகச் சிக்கி நிற்கும். பைப்பையும் பிட்டிங்கையும் ஒரே இடத்தில், ஒரே தடவையில், அங்கேயே திருகிப் பார்த்து வாங்கிவிடுங்கள்.

கறுப்பு பைப்பா, ஜி.ஐ. பைப்பா?

படங்களில் பார்த்து ஆசைப்படும் அந்தத் தோற்றம் கறுப்பு இரும்பு பைப்புக்கு. அது துருப்பிடிக்கும், வாங்கும்போது மேலே எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கும். வேலை கூடுதல், அழகும் கூடுதல். ஜி.ஐ. பைப்பில் துத்தநாகப் பூச்சு இருப்பதால் துரு பயம் குறைவு, ஆனால் பளபளவென்று தண்ணீர்க் குழாய் மாதிரியே தெரியும். ஈரம் உள்ள இடமென்றால் யோசிக்காமல் ஜி.ஐ.

ஜி.ஐ.க்கு அப்படியே எண்ணெய்ப் பெயிண்ட் அடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். துத்தநாகம் அந்தப் பெயிண்டோடு வினைபுரிந்து நடுவில் சோப்பு மாதிரி ஒரு படலம் உண்டாகும், சில மாதத்தில் பெயிண்ட் தோல் உரிவதுபோல உரிந்து வரும். துத்தநாகத்துக்கென்று இருக்கும் எட்ச் ப்ரைமர் அடித்துவிட்டுத்தான் மேல் பூச்சு. ஜி.ஐ.யை வெல்டிங் செய்யவோ தீயில் காட்டவோ வேண்டாம், துத்தநாகப் புகையை இழுத்தால் அன்று ராத்திரியே காய்ச்சல், நடுக்கம் வரும்.

பைப் நீளத்தை எப்படிக் கணக்குப் போடுவது? நான் 30 செ.மீ. வெட்டினேன், சேர்த்தபோது 33 வந்துவிட்டது.

எல்லாரும் ஒரு தடவை இப்படி ஏமாந்திருப்போம். பைப் பிட்டிங்குக்குள் கொஞ்சம் போகிறது, பிட்டிங்கும் தன் பங்குக்குக் கொஞ்சம் நீளம் சேர்க்கிறது. அரை இஞ்ச் எல்போ அல்லது டீயில் நடு மையத்திலிருந்து வாய் வரை 28 மி.மீ., அதற்குள் மரை ஏறுவது சுமார் 13 மி.மீ. மிச்சம் 15. இரண்டு முனைக்கும் சேர்த்து 30. ஆக, மையத்துக்கு மையம் 33 செ.மீ. வேண்டுமென்றால் 30 செ.மீ. பைப் வெட்ட வேண்டும், உங்களுக்கு வந்ததும் அதுதான். முக்கால் இஞ்சுக்கு 33-இல் 15 போக 18, இரண்டு முனைக்கும் 36 மி.மீ. கழியுங்கள். பிட்டிங் செய்கிறவர்களுக்கு ஏற்ப ஓரிரண்டு மி.மீ. மாறும் என்பதால் கையில் இருக்கும் ஒன்றை அளந்துவிட்டு வெட்டுங்கள்.

பைப்பை ஆக்சா பிளேடால் வீட்டில் வெட்டிவிடலாம், மரை போடுவதுதான் பாடு. டை செட், பைப் வைஸ், எண்ணெய் என்று ஒரே ஷெல்ஃபுக்காக வாங்குவது வீண். அளவு எழுதிக் கொடுத்து மரை வெட்டி வாங்குங்கள். அதைவிடச் சுலபம், இருபக்கமும் மரையோடு ரெடியாகக் கிடைக்கும் நிப்பிள் என்ற துண்டுப் பைப்புகளின் நீளத்துக்கு ஏற்றபடி ஷெல்ஃப் அளவை மாற்றிக்கொள்வது. தட்டு இரண்டு செ.மீ. மேலே இருந்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

முழுவதும் முடுக்கினால் எல்போ கோணலாக நிற்கிறது, நேராக்கினால் லூசாகிறது. என்ன செய்வது?

இது உங்கள் தப்பு இல்லை, குழாய் மரையின் குணம். தண்ணீர் ஒழுகாமல் இருக்க மரையைக் கூம்பாக வெட்டியிருக்கிறார்கள், 16-க்கு 1 சரிவு. போகப் போக இறுகும், ஒரு குறிப்பிட்ட இடத்தில் சட்டென்று நிற்காது. அதனால் இறுகத் தொடங்கிய பிறகும் அரைச் சுற்று, ஒரு சுற்று போக இடம் இருக்கும். எப்போதும் முன்னால் போய் நேராக்குங்கள், பின்னால் திருப்பாதீர்கள்.

கையால் முடிந்த மட்டும் முடுக்கி, அப்புறம் இரண்டு பைப் ரிஞ்சு போட்டு, ஒன்று பிடித்துக்கொள்ள, ஒன்று திருப்ப, எல்போ சரியான திசைக்கு வரும்வரை கொண்டுபோங்கள். ரிஞ்சின் பல் பைப்பில் பதியும், நடுவில் பழைய தோலோ கெட்டித் துணியோ வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் முக்கால் சுற்றில் சிக்கி நிற்கிறது, மேலே போகவே மாட்டேன் என்கிறது என்றால், அந்த எல்போவைக் கழற்றி வேறொரு எல்போ மாட்டிப் பாருங்கள். ஒவ்வொன்றின் மரையும் ஒவ்வொரு இடத்தில் தொடங்குவதால், இரண்டு மூன்றை மாற்றி மாற்றிப் போட்டால் ஒன்று ஒத்துவரும். இதற்காகவே ஒன்றிரண்டு கூடுதலாக வாங்குவேன்.

ப வடிவத்தில் இன்னொரு தொல்லை, இரண்டு கையும் ஒரே நீளத்தில் இருக்காது. ஒரு பிளாஞ்சு சுவரில் பட்டிருக்கும், மற்றது 2 மி.மீ. தள்ளி நிற்கும். இஞ்சுக்கு 14 மரை என்பதால் ஒரு முழுச் சுற்றுக்கு 1.8 மி.மீ. நகரும். நீளமாக இருக்கும் பக்கத்துப் பிளாஞ்சை ஒரு சுற்று உள்ளே கொண்டுபோனால் சரியாகிவிடும். பிளாஞ்சைக் கடைசியாகத் திருகச் சொல்வதும் இதனால்தான்.

இரண்டு ஏணியையும் நடுவில் பைப்பால் இணைத்துச் சட்டம் மாதிரி செய்யலாமா?

காகிதத்தில் வரையலாம், திருகிச் சேர்க்க முடியாது. ஒரு செவ்வகத்தை மூடுகிற கடைசிப் பைப்பை யோசித்துப் பாருங்கள். ஒரு முனையில் ஏற்ற அதைச் சுற்றினால் மறுமுனையில் கழலும். அந்த இடத்தில், பைப்பைச் சுற்றாமலே இரண்டு முனையைச் சேர்க்கும் யூனியன் என்ற பிட்டிங் போட வேண்டும், அது பார்க்கக் குண்டாக, ஷெல்ஃபில் ஒட்டாமல் தெரியும். இரண்டு ஏணியையும் பலகைகளே இணைக்கட்டும். மரையே வேண்டாம் என்பவர்களுக்கு, வெறும் பைப்பில் நுழைத்து ஆலன் கீயால் முடுக்கும் கிளாம்ப் பிட்டிங்குகளும் கிடைக்கின்றன, அதில் எந்தச் சட்டமும் செய்யலாம்.

டெஃப்லான் டேப் சுற்ற வேண்டுமா?

வேண்டாம். ஒழுகத் தண்ணீர் இல்லையே. டேப் வழுக்கலைக் கொடுத்து இன்னும் சுலபமாகக் கழலச் செய்யும். நேராக நிறுத்தியது அசையாமல் இருக்க வேண்டுமென்றால் மரைப் பசை ஒரு துளி வையுங்கள்.

பலகை எவ்வளவு தடிமன்? தாங்கல்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி?

18 மி.மீ. பிளைவுட் என்றால் புத்தகத்துக்கு 60, 70 செ.மீ. இடைவெளிக்கு மேல் போகாதீர்கள். 25 மி.மீ. நல்ல மரம் 90 செ.மீ. வரை போகும். இதில் ஏன் இவ்வளவு கறார் என்றால், தொய்வு நீளத்தோடு சாதாரணமாக வளர்வதில்லை. ஒரு மீட்டருக்கு அதே அளவு புத்தகம் என்ற கணக்கில், இடைவெளியை 60-லிருந்து 90 ஆக்கினால் தொய்வு 5 மடங்கு ஆகிறது. நல்ல சேதி என்னவென்றால் தடிமனும் அதேபோல வேலை செய்யும், 18-ஐ 25 ஆக்கினால் பலகை இரண்டரை மடங்குக்கு மேல் விறைப்பாகிவிடும்.

தாங்கலைப் பலகையின் இரு கோடியிலும் வைப்பது கண்ணுக்கு ஒழுங்காகத் தெரியலாம், பலகைக்கு அது நல்லதில்லை. நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு உள்ளே தள்ளி வையுங்கள். 120 செ.மீ. பலகைக்கு இரு முனையிலிருந்தும் 25 செ.மீ. உள்ளே வைத்தால் நடு இடைவெளி 70 ஆகிவிடும், வெளியே நீட்டியிருக்கும் முனைகளின் பாரம் நடுத் தொய்வையும் கொஞ்சம் தூக்கிவிடும். பார்ட்டிக்கிள் போர்டு மட்டும் வேண்டாம், முதல் நாள் நேராக இருக்கும், ஒரு வருஷத்தில் தொட்டில் மாதிரி ஆகிவிடும்.

உங்கள் புத்தகங்கள் எவ்வளவு எடை என்று தெரிய வேண்டுமா? 20 செ.மீ. தடிமனுக்கு அடுக்கி வெயிட் பார்க்கும் மெஷினில் வையுங்கள், ஐந்தால் பெருக்குங்கள். மீட்டருக்கு 25 முதல் 35 கிலோ வரை வந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

பலகையை வெறுமனே பைப் மேல் வைத்துவிட்டுப் போகாதீர்கள். அடியில் பைப்பைச் சுற்றிப் பிடிக்கும் சேடில் கிளாம்ப் போட்டு முடுக்குங்கள், ஒரு கைக்கு ஒன்று போதும். நிமிர்ந்த பைப் பலகையைத் துளைத்துக்கொண்டு போகும் வடிவமென்றால் அரை இஞ்சுக்கு 22 மி.மீ., முக்கால் இஞ்சுக்கு 28 மி.மீ. துளை.

கறுப்பு பைப்பைச் சுத்தம் செய்யாமல் மாட்டினால் என்ன?

புத்தகத்திலும் கையிலும் கரி ஒட்டும், அறை முழுக்க மெக்கானிக் ஷெட் வாசனை வரும். முதலில் எல்லாவற்றையும் ஒருமுறை சேர்த்துப் பாருங்கள், சரியாக இருந்தால் எந்தத் துண்டு எங்கே என்று குறித்துவிட்டுக் கழற்றுங்கள். தின்னரில் நனைத்த துணியால் துடைத்து, பாத்திரம் தேய்க்கும் சோப்புத் தண்ணீரில் கழுவி, உடனே, உடனே என்றால் அந்த நிமிஷமே, துடைத்துக் காயவையுங்கள். பத்து நிமிஷம் ஈரமாக விட்டால் ஆரஞ்சு நிறத்தில் துரு பூக்கும். ஸ்டிக்கர், பெயிண்ட் எழுத்து இருந்தால் உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிடுங்கள். தின்னர் வேலையை ஜன்னல் திறந்து, அடுப்பு இல்லாத இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதன்பிறகு மெழுகு தேய்க்கலாம், கிளியர் ஸ்ப்ரே அடிக்கலாம், அல்லது மேட் கறுப்பு பெயிண்ட். எனக்கு மெழுகுதான் பிடிக்கும், இரும்பு இரும்பாகவே தெரியும், வருஷத்துக்கு ஒரு தடவை மறுபடி தேய்க்க வேண்டும், அவ்வளவுதான். பெயிண்ட் என்றால் மரையில் படாமல் டேப் ஒட்டி அடித்து, சேர்த்த பிறகு கீறல்களில் தொட்டுவிடுங்கள். பலகைக்கு ஆளிவிதை எண்ணெய் பூசினால் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அது காயும்போது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட்டுவிட்டு அப்புறம் எறியுங்கள்.

சுவரில் மாட்டும்போது துளைகள் பொருந்துவதே இல்லை, ஏன்?

அளவு நாடாவால் குறித்திருப்பீர்கள். பிளாஞ்சின் துளைகள் அவ்வளவு துல்லியமாக இருக்காது. சேர்த்து முடித்த பைப்பையே சுவரில் ஒருவர் பிடித்துக்கொள்ள, ரசமட்டம் வைத்துப் பார்த்து, பிளாஞ்சின் துளை வழியாகவே பென்சிலால் குறியுங்கள். முதலில் மேலே ஒரே ஒரு துளை போட்டு லேசாக மாட்டி, மறுபடி மட்டம் பார்த்துவிட்டு மற்றவற்றைக் குறித்தால் கை வலிக்காது. ஏணிக்கு ரசமட்டத்தைவிடத் தூக்குக்குண்டு சரியாகச் சொல்லும். இரண்டாவது தாங்கலை முதலாவதிலிருந்து அளந்து வைக்காமல், பலகையையே இரண்டின் மேலும் வைத்து மட்டம் பார்த்துக் குறியுங்கள்.

பழைய வீட்டில் கழற்றிய பைப் நிறைய இருக்கிறது, பயன்படுத்தலாமா?

தாராளமாக. மரை தேயாமல் இருக்கிறதா, உள்ளே துரு தின்றிருக்கிறதா என்று பாருங்கள். பழைய பெயிண்ட் இருந்தால் அதில் ஈயம் இருக்கலாம், அதை உலர்வாகத் தேய்த்துத் தூள் பறக்கவிடாதீர்கள், ரசாயன ரிமூவர் போட்டு உரித்துவிடுங்கள்.

சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடு. பயப்பட வேண்டுமா?

ஏணி வடிவத்தைப் பார்த்தால் பிள்ளைகளுக்கு ஏணியாகத்தான் தெரியும், ஏறத்தான் செய்வார்கள். கீழ்த் தட்டு அவர்கள் கைக்கு எட்டாத உயரத்தில் தொடங்கட்டும், அல்லது ஏறினாலும் தாங்கும் என்ற கணக்கில் பிளாஞ்சுகளைக் கூட்டிப் போடுங்கள். திறந்த பைப் முனை ஒன்றுகூட இருக்கக் கூடாது, எல்லாவற்றுக்கும் எண்ட் கேப். பெரியவர்கள் நெற்றிக்கும் அதே விதி.

பைப்புக்குள்ளேயே ஒயர் விட்டு விளக்கு மாட்டலாமா?

மாட்டலாம், ஆனால் வெட்டிய பைப்பின் உள்விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும், அரத்தால் மழுக்காவிட்டால் ஒயரின் உறையைச் சீவிவிடும். மொத்த ஷெல்ஃபும் உலோகம் என்பதால் எர்த் இணைப்பு கட்டாயம். இந்த ஒரு வேலைக்கு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுவிடுங்கள்.

மாட்டியாயிற்று. எப்போது சாமானை ஏற்றலாம்?

கெமிக்கல் ஆங்கர் போட்டிருந்தால் டியூபில் எழுதியிருக்கும் நேரம் முடியட்டும், குளிர் நாளில் அது இன்னும் நீளும். சாதாரண பிளக் என்றால் அன்றைக்கே ஏற்றலாம், கொஞ்சம் கொஞ்சமாக. முதலில் பாதிப் பாரம். பிளாஞ்சின் மேல் விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே ஒரு காகிதத்தைச் செருகிப் பாருங்கள், போகவில்லையென்றால் மீதியையும் வையுங்கள். ஒரு வாரம் கழித்து அதே காகிதத்தோடு மறுபடி வாருங்கள். அப்போது காகிதம் உள்ளே போனால், ஸ்க்ரூவை இன்னொரு சுற்று முடுக்கி மனசைத் தேற்றிக்கொள்ளாமல் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு அந்தத் துளையைக் கழற்றிப் பாருங்கள். நான் முடுக்கி மனசைத் தேற்றிக்கொண்டதால்தான் அன்று நடுராத்திரியில் எழுந்து புத்தகம் பொறுக்கினேன்.